தொட்டி வாங்குவதற்கு முன்னால் சருகைத் தேடுங்கள்

போன வருஷம் தை மாதக் கடைசி. மயிலாடுதுறைப் பக்கம் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு, மகனோடு இருப்பதற்காகக் குரோம்பேட்டை ஃபிளாட்டுக்குக் குடிவந்த என் சித்தி போன் செய்தார். பால்கனியில் பத்துத் தொட்டி வைத்துக் கத்தரியும் வெண்டையும் போடப் போகிறாராம். கூடவே ஒரு சந்தேகம்.

"ஏம்ப்பா, ஆன்லைன்ல மூணு அடுக்கு மண்பானை ஒண்ணு வருதே, உரம் போடுறதுக்குன்னு. அத வாங்கவா? இல்ல அந்தப் பச்ச டிரம்மு நல்லாருக்குமா? புழுவெல்லாம் விடணும்ங்கிறாங்களே?"

"அது கெடக்கட்டும் சித்தி. உங்க பில்டிங் பக்கத்துல மரம் ஏதாச்சும் இருக்கா?"

"வாசல்ல ஒரு வாதாம் மரம் நிக்குது. தெனமும் ஒரு கூடை இலை கொட்டுது. எதுக்குக் கேக்குற?"

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது."

சித்திக்கு நான் கிண்டல் செய்வதாகப் பட்டது. ஆனால் வீட்டில் சமையலறைக் கழிவை மக்கவைத்து உரம் போட ஆரம்பித்துப் பாதியில் கைவிட்டவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். யாரும் தொட்டி மட்டம் என்று விட்டதில்லை. நாற்றம் தாங்கவில்லை, புழு நெளிகிறது, கொழகொழவென்று தண்ணீர் கட்டுகிறது என்றுதான் விட்டார்கள். மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சமையலறைக் கழிவு இருந்தது, காய்ந்த சருகு இல்லை. எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குள் போவதற்கு முன்னால் இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட வேண்டும்.

சோறும் குழம்பும்

காய்கறித் தோல் தானாக உரமாவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவும் பூஞ்சையும் அதைத் தின்று செரித்துப் போடுவதுதான் உரம். அவற்றுக்கு இரண்டு வகைச் சாப்பாடு வேண்டும். உடம்புக்குத் தெம்பு கொடுக்கக் கார்பன், உடம்பை வளர்க்க நைட்ரஜன். காய்ந்த இலை, வைக்கோல், அட்டைப்பெட்டி, மரத்தூள் எல்லாம் கார்பன் நிறைந்தவை. பச்சையாக, ஈரமாக இருப்பதில், அதாவது காய்கறிக் கழிவு, பழத்தோல், காப்பித்தூள் சக்கை, சாணம் போன்றவற்றில், நைட்ரஜன் அதிகம். சருகைச் சோறு என்றும் காய்கறிக் கழிவைக் குழம்பு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு இலையில் வெறும் குழம்பை ஊற்றி ஊற்றி வைத்தால் என்ன ஆகும்? வழிந்து ஓடும். அதுதான் வாளியிலும் நடக்கிறது.

கணக்காகச் சொன்னால், நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு இருந்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். காய்கறிக் கழிவில் கார்பன் சுமார் 15 முதல் 20 பங்குதான். காய்ந்த இலையில் 40 முதல் 80 வரை. செய்தித்தாள், அட்டை 150-க்கு மேல். மரத்தூள் பல நூறு. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு கிண்ணம் ஈரக்கழிவு போட்டால் அதே கிண்ணத்தால் ஒன்றரை, இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு போட வேண்டும், அவ்வளவுதான். எடையில் பார்த்தால் ஒரு கிலோ கழிவுக்கு 200, 250 கிராம் சருகு.

சருகுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இடையிடையே காற்றுக்கு வழி விடும். காற்று போய்வரும் குவியலில் வேலை செய்யும் கிருமிகள் வேறு, காற்று அடைபட்ட சேற்றில் வேலை செய்பவை வேறு. முதல் கூட்டம் நாறாது. இரண்டாவது கூட்டம் அழுகிய முட்டை வாடையையும் மீத்தேன் வாயுவையும் கிளப்பிவிடும். ஊர்க் கோடியில் மலைபோல் குவியும் குப்பைக் கிடங்குகளின் வயிற்றுக்குள் நடப்பதும் இதுதான்.

ஈரம் எவ்வளவு இருக்கலாம்? வாளிக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் சருகு போதவில்லை. கையைத் திறந்ததும் உதிர்ந்துபோனால் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிழிந்து பார்த்த துணி எப்படி இருக்குமோ அப்படி.

நாலு பேர் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தராசில் போட்டுப் பார்த்தேன். தினமும் சராசரி 700 கிராம் ஈரக்கழிவு. கீரை வாங்கிய அன்றைக்கு ஒரு கிலோவைத் தாண்டியது, தர்பூசணி அறுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டரைக் கிலோ. மாதத்துக்கு 21 கிலோ என்றால் சருகு நாலைந்து கிலோ வேண்டும். 26 கிலோ அரிசிச் சாக்கில் மிதித்து அடைத்தால் மூன்று கிலோ சருகு பிடிக்கும். ஆக மாதம் ஒன்றரைச் சாக்கு. உங்களால் அது முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

மரமே இல்லாத தெருவில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. முட்டை அட்டை, மளிகை வரும் அட்டைப்பெட்டி ஆகியவற்றை, பிளாஸ்டிக் டேப்பை உரித்துவிட்டுக் கிழித்துப் போடலாம். தச்சுப் பட்டறையில் மரத்தூள் கிடைக்கும்; பிளைவுட் அறுத்த தூளில் பசை இருக்கும், அது வேண்டாம். கரும்பு ஜூஸ் கடையில் மூட்டை மூட்டையாகச் சக்கை கொட்டிக் கிடக்கும், இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் அருமையான சரக்கு. எங்கும் கிடைப்பது தென்னை நார்க்கழிவு, கடையில் கோகோபீட் கட்டியாக விற்பது. அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பதால் வாளி சேறாகாது. ஆனால் அதில் லிக்னின் என்ற கெட்டியான மரச்சத்து அதிகம், சீக்கிரம் மக்காது. கடைசியில் உரத்தோடு நாராகவே வந்து சேரும். தொட்டிச் செடிக்கு அது கெடுதலும் இல்லை.

கொல்லை இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே இருந்ததில்லை

சித்தியின் ஊர் வீட்டில் கிணற்றுக்குப் பின்னால் ஒரு குப்பைக்குழி உண்டு. வாசல் பெருக்கிய சருகு, மாட்டுத் தொழுவத்துக் கூளம், சாம்பல், வாழையிலை எல்லாம் அதற்குள்தான் போகும். வருஷத்துக்கு ஒரு தடவை, கோடையில் வெட்டி அள்ளி வயலுக்கு அனுப்புவார்கள். யாரும் அதற்கு முறை என்று பேர் வைக்கவில்லை. சோறும் குழம்பும் தானாகவே சரியாகச் சேர்ந்தன.

அதற்குப் பேர் வைத்து, அளவு போட்டு எழுதியவர்களும் நம் நாட்டில் வேலை பார்த்தவர்கள்தான். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தார். இங்கே உழவர்கள் செய்ததையும் சீனத்தில் செய்ததையும் பார்த்து, யஷ்வந்த் வாட் என்ற சக ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து குவியலைப் புரட்டிப் புரட்டிக் காற்று கொடுக்கும் முறையை வகுத்தார். இந்தூர் முறை என்று இன்றைக்கும் உலகம் முழுக்கச் சொல்வது அதைத்தான். 1939-இல் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா வேறொரு வழி சொன்னார். குழியில் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே மண் பூசி மூடிவிட்டுப் புரட்டாமல் விட்டுவிடுவது. பெங்களூர் முறை மெதுவானது, ஆனால் ஆள் வேலை மிச்சம்.

கடையில் எத்தனை பேரில் தொட்டி வந்தாலும் அடிப்படையில் இந்த இரண்டில் ஒன்றுதான். ஒன்று நீங்கள் அடிக்கடி கிளறிக் காற்று கொடுக்கிறீர்கள், சீக்கிரம் கிடைக்கிறது. இல்லையா, மூடிவிட்டுக் காத்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு மண் தரை இருந்தால், நாலடிக்கு நாலடி இருந்தாலும் போதும், எதையும் வாங்காதீர்கள். ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, கழிவும் சருகுமாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மண் தூவுங்கள். நிரம்பியதும் அரையடி மண் போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் எலியும் நாயும் தோண்டிவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அந்த இடத்திலேயே ஒரு வாழைக்கன்றையோ பரங்கி விதையையோ ஊன்றிவிடலாம். வாழையும் பரங்கியும் அரைகுறையாக மக்கியதைப் பற்றிக் கவலைப்படாத செடிகள். உரத்தை அள்ளிச் சுமக்கும் வேலையும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் குழி வேண்டாம். தண்ணீர் ஊறிக் குளமாகிவிடும். அந்த இரண்டு மாதம் தரைக்கு மேலே குவித்து, பழைய தார்ப்பாயால் மூடிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது. குவியல் மூன்றடி நீளம், அகலம், உயரம் என்று பெரிதாக இருந்தால் நடுவில் 55, 60 டிகிரி வரை சூடாகும். அந்தச் சூட்டில் களை விதையும் நோய்க்கிருமியும் செத்துப்போகும். வீட்டு வாளியில் அந்தச் சூடு நிற்காது. அதனால்தான் வாளி உரம் போட்ட தொட்டியில் யாரும் விதைக்காத தக்காளியும் பரங்கியும் முளைக்கின்றன. எனக்கு இது பிடித்த விஷயம். சிலருக்கு எரிச்சல்.

பால்கனிக்கு வாளி

மண் தரை இல்லாதவர்களுக்கு, சந்தேகமாக இருந்தால், பெயின்ட் வாளி. இதுதான் என் கட்சி. மண்பானை அடுக்கைக் குறை சொல்லவில்லை. பெங்களூரில் பூனம் பீர் கஸ்தூரி 2006-இல் தொடங்கிய டெய்லி டம்ப் நிறுவனம்தான் அதை நகரத்து வீடுகளில் பிரபலமாக்கியது. சுட்ட மண் மூச்சு விடும், அதிக ஈரத்தைத் தானே உறிஞ்சி வெளியே விடும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். ஆனால் கனம், உடையும், விலையும் கூட. உங்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று தெரியாதபோது அவ்வளவு செலவு செய்ய வேண்டுமா? 20 லிட்டர் பழைய பெயின்ட் வாளி மூன்று போதும். ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் அப்புறம் பானை வாங்குங்கள்.

என் முதல் வாளியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டை போட்டால் தண்ணீர் ஒழுகிப் பால்கனி அசிங்கமாகும் என்று ஓட்டையே போடவில்லை. சருகும் போடவில்லை, யூடியூபில் யாரோ புளித்த மோர் ஊற்றினால் போதும் என்றார், ஊற்றினேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்தபோது சாக்கடை அடைப்பு எடுத்த மாதிரி ஒரு வாடை. மாடிப் படியிலிருந்து ஒருவர், "சார், டிரெய்னேஜ் லீக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அன்று ராத்திரி பதினொரு மணிக்கு மேல் காலி மனையில் குழி தோண்டிப் புதைத்தேன். மோரில் தப்பில்லை. மோர், வெல்லத் தண்ணீர், சாணக் கரைசல் எல்லாம் கொஞ்சம் கிருமிகளைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் வந்தவர்கள் மூச்சு முட்டிச் செத்தால் என்ன பயன்?

இப்போது செய்வது இதுதான். வாளியின் அடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை, பக்கவாட்டில் நாலு விரல் இடைவெளியில் சுற்றிலும் ஓட்டை, டிரில் பிட்டால் போட்டது. வாளி இரண்டு செங்கல் மேல் உட்கார்ந்திருக்கும். கீழே ஒரு தட்டு. அடியில் நாலு விரல் கனத்துக்குச் சருகு. அதன் மேல் பழைய உரம் இருந்தால் இரண்டு கைப்பிடி, இல்லையென்றால் ஏதாவது மரத்தடி மண். கிருமி வேண்டுமானால் அதைவிட நல்ல மூலம் கிடையாது. தினமும் ராத்திரி அன்றைய கழிவைப் போட்டு, ஒரு பழைய கரண்டியால் பரப்பி, சருகால் முழுக்க மூடிவிடுவேன். ஒரு துண்டு வாழைப்பழத் தோல்கூட வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் மறுநாள் காலை பழ ஈ மொய்க்கும். வாரம் ஒரு தடவை அடிவரை கிளறிவிட வேண்டும். மொத்தமே தினம் இரண்டு நிமிஷ வேலை.

20 லிட்டர் வாளி நாலு பேர் வீட்டில் மூன்று வாரத்தில் நிரம்பும். தினமும் அமுங்கிக்கொண்டே இருப்பதால் அவ்வளவு நாள் தாங்குகிறது. நிரம்பியதை மூடி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வாளி. மூன்றாவது வாளியும் நிரம்பும்போது முதல் வாளியில் இருப்பது கறுத்துப் பாதியாகியிருக்கும். அதை ஒரு சாக்கில் கொட்டி நிழலில் இன்னும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் விட்டால் உரம். மாதம் 20 கிலோவுக்கு மேல் கொட்டினாலும் கையில் கிடைப்பது ஐந்தாறு கிலோதான். மீதி தண்ணீராகவும் காற்றாகவும் போய்விடும். சித்திக்கு இது பெரிய ஏமாற்றம். "இம்புட்டுதானா?" என்றார்.

கேரளத்தில் வீட்டுத் தோட்டங்களில் இரண்டு அகலமான பிவிசி குழாயை மண்ணில் நட்டு, ஒன்று நிரம்பியதும் மற்றதற்கு மாறும் பைப் கம்போஸ்ட் முறையைப் பார்க்கலாம். வாளிச் சுழற்சிதான் அதுவும். அடியில் மண் இருப்பதால் தண்ணீர் வடிய வழி இருக்கிறது.

புழு வளர்க்கப் பொறுமை உண்டா?

மண்புழு உரம் என்றாலே பலருக்கு மரியாதை கூடிவிடுகிறது. தகுந்த மரியாதைதான். பொடிப்பொடியாக, தேயிலைத் தூள் மாதிரி இருக்கும். நாற்று விட, சின்னத் தொட்டிக்கு அதைப் போல ஒன்று கிடையாது. தமிழ்நாட்டில் இதைப் பள்ளிக்கூடம், கிராமம் என்று கொண்டுசேர்த்தவர்களில் முக்கியமானவர் சென்னை நியூ காலேஜில் விலங்கியல் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில். வெளிநாட்டுப் புழுக்களை நம்பாமல் நம் மண்ணின் புழுக்களையே பயன்படுத்தலாம் என்று காட்டியவர் அவர்.

மண்ணைத் தோண்டினால் வரும் எல்லாப் புழுவும் வாளிக்கு ஆகாது. ஆழத்தில் துளைபோட்டு மண்ணைத் தின்பவை வாளியில் வாழாது. மேல்மட்டத்தில் குப்பையைத் தின்று வாழும் வகைதான் வேண்டும். பண்ணைகளில் கிடைக்கும் ஐசீனியா ஃபெடிடா, யூட்ரிலஸ் யூஜீனியே, நம் ஊர்ப் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் மூன்றும் அந்த வகை. அரைக் கிலோ புழு வாங்கித் தொடங்கலாம்.

ஆனால் இது செல்லப்பிராணி வளர்ப்பது மாதிரி. புழுவுக்கு 20 முதல் 30 டிகிரி சூடு பிடிக்கும். 35-ஐத் தாண்டினால் திணறும். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் வைத்தீர்கள் என்றால் அத்தனையும் போய்விடும். எப்போதும் நிழல், எப்போதும் ஈரச் சாக்கு மேலே போர்த்தியிருக்க வேண்டும். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல், பச்சைமிளகாய், உப்புப் பட்டது எதுவும் ஆகாது. பச்சைக் கழிவை அப்படியே கொட்டினால் அது சூடாகிப் புழுவைத் துரத்தும். தனியாகப் பத்துப் பதினைந்து நாள் மக்கவைத்த பிறகுதான் போட வேண்டும். எறும்பு வராமல் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும், பழைய காலத்துச் சாப்பாட்டு அலமாரி மாதிரி. இதெல்லாம் கேட்டுவிட்டும் ஆசை விடவில்லை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். அப்போதும் நேராகப் புழுவில் தொடங்காமல், வாளியில் பாதி மக்கியதைப் புழுவுக்குக் கொடுங்கள். இரண்டுக்கும் சண்டை கிடையாது.

மீன் தலை, பிரியாணி மிச்சம்

இதுவரை சொன்ன எதிலும் சமைத்த சாப்பாடு போடக் கூடாது. கொஞ்சம் சோறு போய்விட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் எண்ணெயும் உப்பும் எலும்பும் சேர்ந்தால் எலி வரும், நாற்றமும் வரும். அசைவ வீடுகளில் இதுதான் பெரிய தலைவலி. அவர்களுக்கு ஏற்றது பொகாஷி என்ற ஜப்பானிய முறை. ஒக்கினாவாவில் ரியூக்யூ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெருவோ ஹிகா உருவாக்கிய நுண்ணுயிர்க் கலவையை ஏற்றிய தவிட்டைத் தூவிச் செய்வது.

இதை உரம் போடுவது என்பதைவிட ஊறுகாய் போடுவது என்றால் பொருத்தம். காற்றே புகாத, அடியில் குழாய் வைத்த வாளி. மீன் தலை, குழம்பு மிச்சம், கோழி எலும்பு எதுவானாலும் போட்டு, தவிடு தூவி, அமுக்கி, இறுக்கி மூட வேண்டும். காற்றில்லாமல் நடந்தால் அழுகும் என்றேனே? இங்கே லாக்டிக் அமிலக் கிருமிகள் முந்திக்கொண்டு புளிக்கவைப்பதால் அழுகுகிற கூட்டத்துக்கு இடம் கிடைப்பதில்லை. மாங்காய் ஊறுகாய் அழுகாத மாதிரி. இரண்டு நாளுக்கு ஒரு தடவை குழாயில் வடியும் நீரை எடுத்துவிட வேண்டும். அதை நூறு பங்கு தண்ணீர் கலந்துதான் செடிக்கு ஊற்றலாம், அப்படியே ஊற்றினால் வேர் கருகும். நிரம்பிய பிறகு இரண்டு வாரம் விட்டால் புளிப்பு வாடை வரும்.

விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத விஷயம் ஒன்று. அந்த இரண்டு வாரத்தில் கிடைப்பது உரம் கிடையாது. மீன் தலை மீன் தலையாகவே இருக்கும், ஊறியிருக்கும். அதை மண்ணில் புதைத்து இன்னும் சில வாரம் போனால்தான் உரமாகும். மண் தரை இல்லாதவர்கள் ஒரு பெரிய தொட்டியில் பழைய மண்ணோடு கலந்து மூடி வைக்கலாம். தவிட்டுக்கும் தொடர்ந்து காசு செலவாகும்.

கரண்டில் ஓடும் கம்போஸ்ட் இயந்திரங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பெரும்பாலானவை கழிவைச் சூடாக்கிக் காயவைத்து அரைத்துத் தருகின்றன. வருவது காய்ந்த சாப்பாட்டுத் தூள். அதைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மூன்றாம் நாள் பூஞ்சை பூத்து நிற்கும். மக்குவது அப்போதுதான் தொடங்குகிறது.

எதைப் போடலாம், எது வந்தால் பயப்பட வேண்டாம்

தேங்காய்ச் சிரட்டை, மாங்கொட்டை, மக்காச்சோளத் தண்டு எல்லாம் ரொம்ப நாள் அப்படியே கிடக்கும், தவிர்த்துவிடலாம். முருங்கைக்காய்ச் சக்கை நாராகவே இருக்கும். முட்டை ஓட்டைக் காயவைத்து மிக்ஸியில் பொடித்தால்தான் பிரயோசனம், முழுசாகப் போட்டால் அடுத்த வருஷமும் ஓடாகவே சிரிக்கும். டீத்தூளைப் பாலும் சர்க்கரையும் போக அலசிவிட்டுப் போடுங்கள். சாமிக்குப் போட்ட பூ அருமையான சரக்கு, ஆனால் எதில் கட்டியிருக்கிறது என்று பாருங்கள்; வாழைநாரில் கட்டியிருந்தால் அப்படியே போகட்டும், நைலான் நூல் என்றால் கரண்டியில் சிக்கிப் பிராணனை வாங்கும்.

மாசி நடுவில் சித்தியிடமிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு போன். "வாளி பூரா புழுப்பா! சாம்பக் கலர்ல, தட்டையா, நெளியுது. எடுத்துக் கொட்டிடவா?"

கொட்ட வேண்டாம். அது கறுப்புப் படைவீரன் ஈ என்று சொல்லப்படும் ஒரு ஈயின் புழு. வளர்ந்த ஈ குளவி மாதிரி இருக்கும், கடிக்காது, சாப்பாட்டில் வந்து மொய்க்காது. புழு மட்டும் அசுரப் பசியோடு கழிவைத் தின்று தீர்க்கும். கோழி, மீன் தீவனத்துக்காக இதையே பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் இரண்டு கை சருகு கூடுதலாகப் போட்டுக் கிளறுங்கள்; ஈரம் குறைந்தால் அதுவாகவே போய்விடும். வெள்ளைப் பூஞ்சை, சாம்பல் தூவியது போன்ற நூல் தெரிந்தால் சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

வாடையை வைத்தே வைத்தியம் பார்க்கலாம். அழுகிய முட்டை வாடை என்றால் காற்று போதவில்லை, சருகு போட்டுக் கிளறுங்கள். மூக்கில் ஏறும் காட்டமான அமோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம், அதற்கும் சருகுதான். வாடையே இல்லை, இரண்டு வாரமாகப் போட்டது போட்டபடி கிடக்கிறது என்றால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். சென்னை வெயிலுக்குச் சித்திரை, வைகாசியில் இந்த மூன்றாவதுதான் அதிகம் நடக்கும்.

உரமாகிவிட்டதா?

நிறம் கறுப்பு, போட்டது எது என்று அடையாளம் தெரியக் கூடாது, சூடு இருக்கக் கூடாது. முக்கியமாக வாசனை. முதல் மழையில் தரையிலிருந்து கிளம்பும் மண்வாசனை வர வேண்டும். இரண்டுக்கும் காரணம் ஜியோஸ்மின் என்ற ஒரே பொருள்தான். ஆக்டினோமைசீட்ஸ் வகைக் கிருமிகள் அதை உண்டாக்குகின்றன.

அப்படியும் சந்தேகம் தீராதவர்களுக்கு வெந்தயச் சோதனை. ஒரு டம்ளரில் வெறும் தோட்ட மண். இன்னொன்றில் பாதி மண், பாதி உங்கள் உரம். இரண்டிலும் பத்துப் பத்து வெந்தயம் போட்டுத் தண்ணீர் தெளித்து வையுங்கள். நாலைந்து நாளில் இரண்டிலும் ஒரே மாதிரி முளைத்தால் உரம் தயார். உர டம்ளரில் இரண்டு மூன்றுதான் முளைத்தது, முளைத்ததும் மஞ்சளாக நிற்கிறது என்றால் இன்னும் வேகவில்லை. அரைகுறை உரத்தைத் தொட்டியில் போட்டால், மிச்ச வேலையை முடிக்கக் கிருமிகள் செடிக்குரிய நைட்ரஜனையே பிடுங்கிக்கொள்ளும். உரம் போட்டும் இலை மஞ்சளாகிறதே என்று புலம்புபவர்களில் பாதிப் பேருடைய சங்கதி இதுதான்.

தயாரான உரத்தைச் சலித்து, தொட்டிக் கலவையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். முழுக்க உரமாகவே போட்டால் தண்ணீர் தேங்கும், அமுங்கிப் பாதித் தொட்டியாகும். வளரும் செடிக்கு மாதம் இரண்டு கைப்பிடி தூரைச் சுற்றிப் போட்டுக் கிளறிவிட்டால் போதும். கத்தரி, தக்காளி போல அதிகம் தின்னும் செடிகளுக்கு இது மட்டும் போதாது. வீட்டு உரத்தில் நைட்ரஜன் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்குதான் இருக்கும். கூடவே ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசல் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஊற்றலாம். சலித்து மிஞ்சிய கட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த வாளிக்கு அதுதான் உறை.

சித்தி கடைசியில் மூன்று பெயின்ட் வாளியில்தான் நின்றார். சித்திரைக் கடைசியில் வெந்தயம் பத்துக்கு ஒன்பது முளைத்தது, போட்டோ அனுப்பினார். கத்தரித் தொட்டி ஒன்றில் தானாக ஒரு பரங்கி முளைத்துக் கம்பி வழியாக எதிர் ஃபிளாட்டு ஏ.சி. மேல் ஏறிவிட்டது, பிடுங்க மனசில்லை என்கிறார். வாசல் பெருக்கும் அம்மா முன்பெல்லாம் வாதாம் இலையைக் கூட்டிக் கொளுத்திவிடுவாராம். இப்போது சாக்கில் கட்டி இரண்டாம் மாடிக்குக் கொண்டுவந்து தருகிறார், பதிலுக்கு ஒரு டம்ளர் காப்பி. வாதாம் வருஷத்துக்கு இரண்டு தடவை இலை கொட்டும். அடுத்த தடவைக்கு ஆறு காலிச் சாக்கு மடித்து வைத்திருக்கிறாராம்.